வீட்டு வாசலை அழகாக்குவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையின் தெற்குப் புறநகரில் தனி வீடுகளுக்குக் கட்டட மேற்பார்வை பார்க்கிறேன். வீட்டுக்குள் எல்லா வேலையும் முடிந்த பிறகு, "வெளியிலிருந்து பார்க்க இன்னும் கொஞ்சம் நன்றாக இருக்கலாமே" என்று சொல்லாதவர்கள் குறைவு. அப்படிக் கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு மனையில் இருக்கும் சாதாரண வீடுகளை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். பங்களாக்களுக்கு வேறு கணக்கு.

எதிலிருந்து தொடங்குவது? பெயிண்டா, செடியா, கேட்டா?

தண்ணீரிலிருந்து. ஒரு நல்ல மழை பெய்து ஓய்ந்ததும் குடையோடு வீட்டைச் சுற்றி ஒரு முறை நடந்து பாருங்கள். மொட்டை மாடித் தண்ணீர் எந்தக் குழாய் வழியாக எங்கே விழுகிறது, சன்ஷேடுக்கு அடியில் எங்கே கறுப்புக் கோடு இறங்குகிறது, தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியும்போது எந்தச் சுவரை நனைக்கிறது, வாசலில் எங்கே தேங்குகிறது என்று பார்த்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வீடுகளின் முகப்பு அசிங்கமாகத் தெரிய முக்கால்வாசிக் காரணம் இந்தத் தண்ணீர்த் தடங்கள்தான். இதைச் சரிசெய்யாமல் மேலே எத்தனை ஆயிரம் செலவழித்தாலும் அடுத்த கார்த்திகைக்குள் அதே கறை திரும்ப வந்துவிடும்.

மழைக்குழாய் ஓர் அடி நீளம் குறைவாக இருந்தால் நீட்டுங்கள். சன்ஷேடின் கீழ் விளிம்பில் சிறிய பள்ளக் கோடு இல்லையென்றால் மேஸ்திரியிடம் சொல்லி வெட்டச் சொல்லுங்கள். தண்ணீர் சுவரை நோக்கி ஓடாமல் அந்தக் கோட்டிலேயே சொட்டி விழுந்துவிடும். சின்ன வேலைதான், ஆனால் இதற்கு இணையான பலன் தரும் வேலை வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

அப்புறம், சுத்தம். சன்ஷேடு மேல் கிடக்கும் சருகு, உடைந்த ஓடு, எப்போதோ துண்டித்த கேபிள் ஒயர், கேட்டில் ஒட்டிய ஸ்டிக்கர், மூலையில் குவித்த மிச்ச மணல். இரண்டு பேர் ஒரு நாள் வேலை செய்தால் போதும். பாதிப் பேருக்கு இதன் பிறகு பெயிண்ட் அடிக்கும் எண்ணமே தள்ளிப்போய்விடுகிறது.

பெயிண்ட் அடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, சுவரின் அடிப்பகுதி உரிகிறது. மட்டமான பெயிண்டா?

பெரும்பாலும் பெயிண்ட் மேல் தவறு இருக்காது. ஓதம். தரையில் இருக்கும் ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறுகிறது, கூடவே மண்ணிலும் செங்கல்லிலும் உள்ள உப்பையும் கரைத்துக்கொண்டு வருகிறது. வெளிப்பரப்புக்கு வந்து ஈரம் உலரும்போது உப்பு அங்கேயே தங்கிப் பூக்கிறது. அந்த உப்புதான் பெயிண்டை உள்ளிருந்து தள்ளுகிறது. அதன் மேல் திரும்பத் திரும்பப் பெயிண்ட் அடிப்பது வீண்செலவு.

முதலில் சுவரை ஒட்டிக் கொட்டிய மண்ணையும் பூப்பாத்தியையும் அகற்றுங்கள். வீட்டைச் சுற்றி இரண்டடி அகலத்தில், சுவரிலிருந்து வெளிப்பக்கமாகச் சரியும்படி ஒரு சிமென்ட் தளம் போடுங்கள். கெட்டுப்போன பூச்சை ஈரம் தெரியும் உயரத்துக்கு மேலே ஓரடி வரை கொத்தி எடுத்துவிட்டு, நீர்த்தடுப்பு மருந்து கலந்த சாந்தால் மறுபடி பூச வேண்டும். பிறகு அவசரப்படாமல் ஒரு கோடை காயவிட வேண்டும்.

இதில் நானே ஒரு முறை தவறு செய்திருக்கிறேன். வீட்டுக்காரர் கேட்டார் என்று ஓதம் ஏறிய சுவரில் மூன்றடி உயரத்துக்குக் கல் பதிக்க ஒப்புக்கொண்டேன். கல்லுக்குள் அடைபட்ட ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே ஏறி, அடுத்த மழைக்குள் கல்லுக்கு மேலே நான்காவது அடியில் பூத்துவிட்டது. கல்லை எல்லாம் பெயர்த்து எடுக்க வேண்டியதாயிற்று. ஓதத்தை மூடி மறைக்க முடியாது என்று அன்று கற்றுக்கொண்டேன்.

எந்த மாதத்தில் வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிக்கலாம்?

பிப்ரவரி முதல் மே வரை. தீபாவளிக்கு முன்னால் அடித்துவிட வேண்டும் என்று எல்லோரும் அவசரப்படுகிறார்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை போகிறது. அதாவது பெயிண்ட் சரியாக இறுகும் முன்பே மழை அடிக்கிறது. பொங்கலுக்கு அடிப்பதும் பழைய வழக்கம்தான். அது சுண்ணாம்பு காலத்து வழக்கம். சுண்ணாம்புக்குச் சுவரில் கொஞ்சம் ஈரம் இருந்தால் நல்லது. இப்போது அடிக்கும் எமல்ஷன் பெயிண்டுக்குச் சுவர் காய்ந்திருக்க வேண்டும்.

வெயில் நேராக விழும் சுவரில் பெயிண்ட் மிக வேகமாகக் காய்ந்து தூரிகைக் கோடு நிற்கும். அதனால் மேற்குச் சுவரைக் காலையிலும் கிழக்குச் சுவரை மதியத்துக்குப் பிறகும் அடிக்கச் சொல்லுங்கள். புதிய பூச்சாக இருந்தால், தண்ணீர் விட்டு ஆற்றிய பிறகு ஒரு மாதமாவது காயவிடுங்கள்.

பட்டி, பிரைமர் எல்லாம் வெளிச்சுவருக்கும் வேண்டுமா?

பிரைமர் கட்டாயம். பட்டி வெளியில் எல்லா இடத்திலும் தேவையில்லை. பார்க்க வழவழப்பாக வேண்டிய முகப்பில் மட்டும், வெள்ளை சிமென்ட் சேர்ந்த பட்டியாகப் பார்க்கலாம். உள்சுவருக்கான அக்ரிலிக் பட்டியை வெளியில் போட்டால் மழையில் ஊறிப் பொரிந்துவிடும். எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு, வழவழப்பான சுவரில், லிட்டருக்கு ஏறக்குறைய 50 முதல் 60 சதுர அடி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெயிண்டர் கேட்கும் லிட்டர் இந்தக் கணக்கை விட மிகக் குறைவாக இருந்தால் தண்ணீர் அதிகம் கலக்கப் போகிறார் என்று அர்த்தம்.

என்ன நிறம் நன்றாக இருக்கும்?

இது உங்கள் வீடு, உங்கள் விருப்பம். இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். அட்டையில் பார்க்கும் நிறம் சுவரில் வெயில் பட்டதும் இன்னும் பளிச்சென்று தெரியும். அதனால் பிடித்த நிறத்தில் இரண்டு படி மெலிந்ததைத் தேர்ந்தெடுத்து, முகப்பிலேயே மூன்றடிக்கு மூன்றடி அடித்து, காலையும் மதியமும் மாலையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அடுத்து, மேற்கு பார்த்த முகப்பில் அடர் சிவப்பும் அடர் ஊதாவும் சீக்கிரம் வெளுக்கும், சுவரும் கொதிக்கும். அடர் நிறம் ஆசையாக இருந்தால் கதவுக்கும் ஜன்னல் கம்பிக்கும் கொடுங்கள். தேக்குக் கதவாக இருந்தால் அதற்குக்கூட வேண்டாம், எண்ணெய் தடவித் துடைத்தால் போதும்.

சுண்ணாம்பு இன்னும் அடிக்கலாமா? அது ஏழை வீட்டு வேலை என்கிறார்களே?

தாராளமாக அடிக்கலாம். அப்படிச் சொல்வதைக் கேட்க எனக்கு வருத்தமாக இருக்கும். செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களில் நூறு வருடம் கழித்தும் கண்ணாடி போல மின்னுவது சுண்ணாம்புப் பூச்சுதான். கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி, வடிகட்டி, ஈரமான சுவரில் மூன்று முறை மெல்லியதாக அடித்தால் காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மெல்ல இறுகும். சுவர் மூச்சு விடும், ஓதம் அடைபடாது, பாசியும் எளிதில் பிடிக்காது, வெயிலைத் திருப்பி அனுப்பும். குறை என்னவென்றால், சாய்ந்தால் துணியில் ஒட்டும், ஓரிரு வருடத்துக்கு ஒரு முறை திரும்ப அடிக்க வேண்டும். ஏற்கெனவே எமல்ஷன் அடித்த சுவரில் பிடிக்காது. காம்பவுண்டின் உள்பக்கத்துக்கும் பக்கவாட்டுச் சுவர்களுக்கும் இதைவிடச் சிக்கனமாக வேறு எதுவும் இல்லை.

எலிவேஷன் டைல்ஸ், கல் பதிப்பு போடலாமா?

சிறிய பரப்பில், கைக்கு எட்டும் உயரத்தில் போடுங்கள். இரண்டாவது மாடி உயரத்தில் வெறும் சிமென்ட் பால் ஊற்றி ஒட்டிய டைல்ஸ் வெயிலிலும் மழையிலும் மாறி மாறி விரிந்து சுருங்கிக் கழன்று விழுவதைப் பார்த்திருக்கிறேன். கீழே குழந்தைகள் நிற்கும் இடம் அது.

வாசல் முழுவதும் பேவர் பிளாக் போட்டுவிட்டால் சேறு இருக்காது, பெருக்கவும் சுலபம். சரிதானே?

வண்டி ஏறும் இடத்துக்குப் போடுங்கள். முழுவதும் போடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

மண் தெரிந்த வாசல்தான் வீட்டைக் குளிர்ச்சியாகக் காட்டுகிறது, குளிர்ச்சியாக வைத்திருக்கவும் செய்கிறது. முழுக்கக் கல் பாவிய வாசல் ஏப்ரல் மதியத்தில் அனல் அடிக்கும்; அந்தச் சூடு இரவு வரை முன் அறைக்குள் வரும். பேவர் பிளாக்கின் இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கும் என்கிறார்கள். அடியில் மணல் மட்டும் பரப்பிப் பதித்தால் கொஞ்சம் இறங்கும். நம் ஆட்கள் அடியில் கான்கிரீட் போட்டு, இடுக்கிலும் சிமென்ட் பூசிவிடுகிறார்கள். பிறகு எங்கே இறங்கும்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 சதுர மீட்டர், அதாவது 1,076 சதுர அடி பரப்பில் 1 செ.மீ. மழை பெய்தால் 1,000 லிட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 140 செ.மீ. மழை பெய்கிறது. ஒரு சாதாரண மொட்டை மாடியில் மட்டும் ஆண்டுக்கு ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் விழுகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2019 கோடையில் ஏரிகள் வறண்டு லாரிக்குக் காத்திருந்ததையும் பார்த்தவர்கள் நாம். தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். பல வீடுகளில் அந்தத் தொட்டியின் மேல் இப்போது டைல்ஸ் இருக்கிறது.

நான் சொல்லும் வழி இது. கார் சக்கரம் ஓடும் இரண்டு பட்டைகளுக்கு மட்டும், ஒவ்வொன்றும் இரண்டடி அகலத்தில் கருங்கல் பலகை. நடக்கும் பாதைக்கு ஒரு வரிசை. மீதி மண். தாழ்வான மூலையில் மூன்றடிக்கு மூன்றடி, ஐந்தடி ஆழத்தில் ஒரு குழி. அதில் கீழே பெரிய கல், மேலே ஜல்லி, அதன் மேல் மணல். மாடிக் குழாயை அதில் விடுங்கள். களிமண் பூமியாக இருந்தால் குழியின் அடியில் கையால் போடும் துளை ஒன்றை மணல் அடுக்கு வரை இறக்க வேண்டும். மேலே ஓட்டையிட்ட பலகை போட்டு மூடி, அதன் மேல் இரண்டு பூந்தொட்டி வைத்தால் குழி இருப்பதே தெரியாது.

கோலம் போட எந்தத் தரை நல்லது?

இந்தக் கேள்வியை ஆண்கள் கேட்பதே இல்லை. வீடு கட்டி முடித்த பிறகு அம்மாவோ மனைவியோ வந்து, "பளபளப்பான டைல்ஸில் மாவு நிற்கவில்லை, வெள்ளைத் தரையில் கோலம் தெரியவும் இல்லை" என்று சொல்வார்கள். படிக்குக் கீழே, கேட்டுக்கு வெளியேயோ உள்ளேயோ, நான்கடிக்கு நான்கடியாவது கறுத்த, சொரசொரப்பான பரப்பு வேண்டும். மெருகேற்றாத கடப்பா கல் போதும். கொஞ்சம் கூடச் செலவழிக்க முடிந்தால் சுட்டுச் சொரசொரப்பாக்கிய கறுப்பு கிரானைட். மழைக்காலத்தில் வழுக்காது என்பது கூடுதல் லாபம். ஓரத்தில் காவிப் பட்டை வேண்டுமென்றால் சிவப்பு ஆக்சைடு கலந்த சிமென்டில் நிரந்தரமாகவே இழுத்துவிடலாம். ஆத்தங்குடி டைல்ஸை மழை படும் வாசலில் போட வேண்டாம். அது வெயிலில் மங்கும், ஈரத்தில் வழுக்கும். கூரைக்குக் கீழே திண்ணையில் போடுங்கள், அங்கே அதன் அழகே தனி.

சாலை உயர்ந்து எங்கள் வீடு பள்ளமாகிவிட்டது. வாசலை எப்படிச் சரிசெய்வது?

பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதன் விளைவு இது. 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று உத்தரவிட்டார். உங்கள் தெருவில் வேலை தொடங்கும்போது அந்த உத்தரவைச் சொல்லிக் கேளுங்கள், தெருவாசிகள் சேர்ந்து கேளுங்கள்.

ஏற்கெனவே பள்ளமாகிவிட்டால், கேட் இருக்கும் இடத்தில் மனைக்குள்ளேயே ஒரு மேடு கொடுத்து, அதற்கு உள்பக்கம் குறுக்கே கம்பிச்சட்டம் மூடிய வாய்க்கால் ஒன்றை வெட்டி, அதை மழைநீர்க் குழியில் சேர்க்கலாம். சாய்தளத்தைத் தெருவில், சாக்கடையின் மேல் கட்டாதீர்கள். அது பொது இடம். இடித்தால் கேட்க முடியாது, அடைப்பெடுக்க வருகிறவர்களுக்கும் வழியில்லாமல் போகும்.

முகப்பில் என்னென்ன செடி வைக்கலாம்?

முதலில் உங்கள் வாசல் எந்தத் திசை என்று பாருங்கள். மேற்கு, தெற்கு பார்த்த வாசல் என்றால் வெயில் பிரியமான செடிகள்: காகிதப்பூ, இட்லிப்பூ, செம்பருத்தி, நித்யகல்யாணி, தரையில் படர டேபிள் ரோஸ். கிழக்கு பார்த்த வாசல் பாக்கியம் செய்தது. துளசி, மல்லிகை, நந்தியாவட்டை எல்லாம் வரும்.

வடக்கு வாசல்தான் பலரை ஏமாற்றுகிறது. சென்னை 13 பாகை வடக்கில் இருப்பதால் ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். மற்ற மாதங்களில் தெற்கே. அதாவது மார்கழியில் நிழலிலேயே இருந்த செடி மே மாதத்தில் திடீரென்று உச்சி வெயிலைத் தாங்க வேண்டும். நிழல் செடிகளைப் பார்த்து ஆசைப்பட்டு வடக்கு வாசலில் பெரணி வைத்தவர்கள் அக்னி நட்சத்திரத்தில் அத்தனையையும் இழந்திருக்கிறார்கள். அங்கே இரண்டையும் தாங்கும் நந்தியாவட்டையும் மருளும் வையுங்கள். பெரணி பிடிக்கும் என்றால் தொட்டியில் வைத்து, கோடையில் உள்ளே நகர்த்திவிடுங்கள்.

காகிதப்பூவுக்கு நிறையத் தண்ணீர் விட்டால் இலைதான் வரும், பூ வராது. கொஞ்சம் காயவிட்டால் பூத்துக் குலுங்கும். கேட் வளைவில் ஏற்ற ரங்கூன் மல்லி நல்லது; வெள்ளையாக மலர்ந்து, இளஞ்சிவப்பாகி, சிவப்பாகும். ஒரே கொத்தில் மூன்று நிறமும் இருக்கும், சாயங்காலம் வாசனை வேறு. ஆனால் ஆண்டுக்கு ஒரு முறையாவது கட்டாயம் கத்தரிக்க வேண்டும், இல்லையென்றால் ஒயர் வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். கம்பி வேலியை விரைவில் மறைக்கச் சங்குப்பூ விதை பத்து போதும்.

பலவகைச் செடிகளை ஒவ்வொன்றாக வாங்கி அடுக்குவதைவிட ஒரே வகையில் ஏழெட்டு வரிசையாக வைத்துப் பாருங்கள். வாசலுக்கு ஒரு நிதானம் வரும். இட்லிப்பூ ஒரே நிறத்தில் இருபதடி நீளத்துக்கு இருந்தால் தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள்.

நர்சரியில் செழிப்பாக இருக்கும் செடி எங்கள் வீட்டில் மூன்று மாதத்தில் பட்டுப்போகிறது. ஏன்?

இரண்டு காரணம். ஒன்று, உங்கள் வாசலில் இருப்பது மண்ணே இல்லை. மனையை உயர்த்த இடிபாடுகளைக் கொட்டி, மேலே அரையடி மட்டும் செம்மண் போட்டிருப்பார்கள். இரண்டடி நீள அகல ஆழத்தில் குழி வெட்டி, உள்ளே இருக்கும் செங்கல் துண்டையும் சிமென்ட் கட்டியையும் வெளியே எடுத்துவிட்டு, இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய தொழு உரம் கலந்து நிரப்புங்கள்.

இன்னொன்று, தமிழ்நாட்டு நர்சரிகளுக்கு நிறையச் செடிகள் ஆந்திராவில் ராஜமுந்திரிக்குப் பக்கத்திலுள்ள கடியத்திலிருந்து வருகின்றன. வேரைச் சுற்றிக் களிமண் உருண்டை இருக்கும். அதை அப்படியே நட்டால் சுற்றிலும் தளர்ந்த மண், நடுவில் இறுகிய உருண்டை. மேலே விடும் தண்ணீர் உருண்டைக்குள் போகாமல் பக்கத்தில் வழிந்துவிடும். நடுவதற்கு முன் உருண்டையைத் தண்ணீரில் ஊறவைத்து, வேர் அறுபடாமல் விரலால் வெளிப்பக்கக் களிமண்ணைக் கொஞ்சம் தளர்த்துங்கள். வாங்கி வந்த அன்றே நடாமல் ஒரு வாரம் நிழலில் வைத்துப் பழக்குவதும் நல்லது.

செம்பருத்தியில் வெள்ளையாகப் பஞ்சு போல ஒட்டியிருப்பது மாவுப்பூச்சி. வேகமான தண்ணீரால் அடித்துக் கழுவிவிட்டு, லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளியுங்கள். வாரம் ஒரு முறை, மூன்று வாரம்.

வீட்டின் முன்னால் மரம் வைக்கலாமா? அஸ்திவாரம் போய்விடும் என்று பயமுறுத்துகிறார்கள்.

சரியான மரத்தைச் சரியான தூரத்தில் வைத்தால் பயமில்லை. சிறிய வாசலுக்குப் பவழமல்லியும் மந்தாரையும் போதும், சுவரிலிருந்து ஆறேழு அடி தள்ளி. விடியற்காலையில் பவழமல்லிப் பூ உதிர்ந்து கிடக்கும் வாசலுக்கு வேறு அலங்காரமே வேண்டாம். இடம் கொஞ்சம் அதிகமென்றால் மகிழம். மெதுவாகத்தான் வளரும், ஆனால் குடை போல அழகாக நிற்கும். வேம்பு, புங்கம், பூவரசு என்றால் பத்துப் பதினைந்து அடியாவது வேண்டும். சம்ப்பும் கழிவுநீர்த் தொட்டியும் இருக்கும் பக்கம் எதுவும் வேண்டாம். அரசும் ஆலும் வீட்டு மனைக்கு ஏற்றவை அல்ல; பறவை எச்சத்தில் விழுந்து சன்ஷேடு இடுக்கில் முளைக்கும் அரசங்கன்றை விரல் நீளம் இருக்கும்போதே பிடுங்கிவிடுங்கள்.

முருங்கை கொல்லைப்புறத்துக்கு. கிளை முறியும், கம்பளிப்பூச்சி வரும்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது சென்னையில் சாய்ந்த மரங்களில் குல்மோகரும் தூங்குமூஞ்சியும் பெருங்கொன்றையும் நிறைய. சீக்கிரம் வளரும், பூ அழகு, ஆனால் மரக்கட்டை மென்மை. அடிமரம் வரை கான்கிரீட் போட்டு வேருக்கு மூச்சில்லாமல் செய்ததும் ஒரு காரணம். மரத்தைச் சுற்றி நாலடியாவது மண் விடுங்கள்.

வேகமாக வேலி போல வளரும் என்று கோனோகார்பஸை விற்பார்கள். வாங்காதீர்கள். வேர் குழாய்களைத் தேடிப் போகும், பூக்கும் காலத்தில் மகரந்தத்தால் ஒவ்வாமை வரும் என்ற புகாரும் உண்டு. குஜராத் அரசு 2023-ல் அதை நடுவதற்குத் தடை போட்டது.

புல்தரை போட ஆசை.

நூறு சதுர அடிக்குள் என்றால் போடுங்கள். அதற்கு மேல் கோடையில் உங்களால் தண்ணீர் விட முடியாது. கொரியன் புல் பார்க்க மெத்தை போல இருக்கும், வெட்டுவதும் குறைவு. ஆனால் களை எடுக்க உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது.

குழந்தைகளும் ஆடு மாடும் வரும் இடம். எந்தச் செடியைத் தவிர்க்க வேண்டும்?

அரளி. செவ்வரளியானாலும் மஞ்சள் அரளியானாலும் இலை, பட்டை, விதை எல்லாமே நஞ்சு, இதயத்தைத் தாக்கும். பூஜைக்கு வேண்டுமென்றால் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். குழந்தை இருக்கும் வீட்டில் மஞ்சள் அரளி வைக்க நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். அதன் காய் பார்ப்பதற்கு விளையாட்டுச் சாமான் போல இருக்கும்.

மண் தொட்டியா, பிளாஸ்டிக்கா?

மண் தொட்டி. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற மானாமதுரை மண்பாண்டம் கிடைத்தால் வாசலுக்கே ஒரு களை. தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் வாரம் இரண்டு முறை கவிழ்த்துவிடுங்கள். டெங்குக் கொசு அந்த ஒரு தட்டுத் தண்ணீரில் ஒரு வாரத்தில் வளர்ந்து பறந்துவிடும்.

காம்பவுண்டும் கேட்டும் எப்படி இருக்க வேண்டும்?

உயரமான மூடிய சுவர் திருடனுக்கும் மறைவாகிறது. நான்கடி சுவர், அதற்கு மேல் கம்பி, கம்பியில் கொடி. இது காற்றுக்கும் வழி, பார்வைக்கும் வழி. கேட் உள்பக்கம் திறக்கட்டும் அல்லது பக்கவாட்டில் நகரட்டும். தெருவை மறித்துத் திறக்கக் கூடாது. கடற்கரைக்கு அருகில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும்: துருவை முழுக்கத் தேய்த்து எடுத்து, ரெட் ஆக்சைடு ஒரு கோட், எனாமல் இரண்டு கோட். வெல்டிங் செய்த மூட்டுகளிலும் கேட்டின் அடிக் கம்பியிலும்தான் முதலில் அரிக்கும், அங்கே கவனமாக அடிக்கச் சொல்லுங்கள்.

இடம் இருந்தால் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கல் திண்ணை போடுங்கள். கூரியர் கொண்டு வருகிறவர் உட்காரலாம், காய்கறி விற்கும் அம்மா கூடையை இறக்கலாம், சாயங்காலம் தாத்தா உட்கார்ந்து தெருவைப் பார்க்கலாம். நான் செய்யச் சொன்ன வேலைகளிலேயே வீட்டுக்காரர்கள் பிறகு கூப்பிட்டு நன்றி சொன்னது இதற்குத்தான் அதிகம். ஒன்று மட்டும்: முன்னால் விட்ட காலியிடத்தில் கூரை போட்டு மூட நினைத்தால் அனுமதி வரைபடத்தைப் பாருங்கள். 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி சாலை அகலத்துக்கு ஏற்ப அந்த இடம் திறந்தே இருக்க வேண்டும்.

விளக்கு?

குறைவாக, மஞ்சள் ஒளியாக, 3,000 கெல்வினுக்குள். வெள்ளை ஒளிக்கு மழைக்காலத்தில் ஈசல் கூட்டம் கூட்டமாக வரும். மழை படும் இடத்தில் ஐபி 65 என்று போட்ட விளக்கு வாங்குங்கள். படிக்கு ஒன்று, கதவு எண்ணுக்கு ஒன்று, மரத்துக்கு அடியில் ஒன்று. புதிதாகக் கட்டுகிறவர்கள் கதவின் இரு பக்கமும் சுவரில் விளக்கு மாடம் விடச் சொல்லுங்கள். கார்த்திகைக்கு மட்டுமில்லை, தினமும் சாயங்காலம் ஓர் அகல் வைக்க இடம் கிடைக்கும்.

ஈபி மீட்டர் பெட்டி, ஏசி வெளி யூனிட் எல்லாம் முன்னாலேயே இருக்கின்றன.

மீட்டரை நீங்களாக நகர்த்தக் கூடாது; மின்வாரியத்தில் விண்ணப்பிக்க வேண்டும். சுவர் நிறத்திலேயே கதவு போட்ட ஒரு பெட்டிக்குள் வைக்கலாம், கணக்கெடுக்க வருகிறவர் திறக்க முடிய வேண்டும். ஏசி யூனிட்டைச் சுற்றி மரச்சட்டம் போடுகிறவர்கள் காற்று போக முழு இடைவெளி விடுங்கள்.

வீட்டை விற்கப் போகிறோம். முகப்புக்குச் செலவழித்தால் விலை கூடுமா?

நம் ஊரில் விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மனைதான். வழிகாட்டி மதிப்பும் தெருவையும் பரப்பையும் பார்க்கிறது, உங்கள் எலிவேஷனைப் பார்ப்பதில்லை. அதனால் விற்பதற்காக டைல்ஸ், புதுக் கேட் என்று போடாதீர்கள். ஓதத்தைச் சரிசெய்து, கழுவி, ஒரு முறை பெயிண்ட் அடித்து, பூத்த செடி நாலு வைத்தால் போதும். பார்க்க வருகிறவர் முதலில் தேடுவது ஈரக் கறையைத்தான்.

எங்கள் வீட்டு முன்னால் 30 வருட வேப்பமரம். வேர் காம்பவுண்டை விரிசல் விட வைக்கிறது. மரத்தை வெட்டச் சொல்கிறார்கள். என்ன செய்ய?

வெட்ட வேண்டாம். வேரையும் வெட்ட வேண்டாம். ஒரு பக்க வேரை அறுத்த மரம் அடுத்த புயலில் மறுபக்கம் சாயும், அந்தப் பக்கம் உங்கள் வீடு இருக்கலாம். விரிசல் விட்ட அந்த ஆறடிச் சுவரை மட்டும் இடியுங்கள். வேருக்கு இரண்டு பக்கமும் தள்ளி இரண்டு தூண் எழுப்பி, வேருக்கு மேலே ஓரடி இடைவெளி விட்டு, ஒரு தூணிலிருந்து மறு தூணுக்கு கான்கிரீட் லிண்டல் போட்டு, அதன் மேல் சுவருக்குப் பதிலாகக் கம்பி வையுங்கள். வேர் பருக்க இடம் இருக்கும், சுவருக்கும் தொல்லை இல்லை. ஒரு கொத்தனாரும் ஒரு வெல்டரும் சேர்ந்தால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். வீட்டுப் பக்கம் நீண்ட கிளைகளை ஆவணியில், மழைக்கு முன்னால் கழித்துவிடுங்கள். லிண்டலுக்கு அடியில் விட்ட இடைவெளியில் நாய் நுழையாமல் இருக்க ஒரு துண்டு கம்பிவலை கட்டினால் போதும்; வேர் பருக்கப் பருக்க அதைத் தளர்த்திக் கட்டிக்கொள்ளலாம்.